ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் மட்டும் ஏன் சீக்கிரம் போகிறார்?

நிழற்கோடு எழுதியது:

சித்தப்பா இறந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் ஆகிறது. அப்போது அவருக்கு 58 வயது. அப்பா அவரைவிட நான்கு வயது மூத்தவர். இன்று 72 வயதில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறார்.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் கடன் நெருக்கிய வருடத்தில் யாராவது ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டும் என்றபோது சித்தப்பாவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அப்பா படித்து முடித்து எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். சித்தப்பா கடைசி வரை கிடங்குகளில் மூட்டை தூக்கினார். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே சரிந்தார். மாரடைப்பு.

சாவு வீட்டில் பாதிப் பேர் "சிகரெட்தான் கொன்றது" என்றார்கள், மீதிப் பேர் "தலையெழுத்து" என்றார்கள். அப்பாவும் ஐம்பது வயது வரை அதே அளவுக்குப் புகைத்தவர்தான். சித்தப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே எழுபது வயதுத் தோற்றம் வந்துவிட்டது. முதுகு வளைந்து, பல் கொட்டி, மூச்சு வாங்கி. இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் கடைசிப் படத்தில் யார் அண்ணன் என்று கேட்டால் எல்லோரும் தவறாகத்தான் காட்டுவார்கள்.

இதைப் பற்றி முறையாகப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒருவர் செய்யும் வேலை, அவர் படித்த படிப்பு, கையில் இருக்கும் காசு எல்லாம் உண்மையிலேயே ஆயுளைக் குறைக்குமா? எப்படி?

மலர்_வார்டு எழுதியது:

22 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பெரும்பகுதி இதயநோய் வார்டில். உங்கள் சித்தப்பா மாதிரி ஆட்களை வாரத்தில் இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன் தம்பி.

அவர்கள் எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள். நெஞ்சுவலி எப்போது வந்தது என்று கேட்டால் "நேற்று" என்பார்கள். மனைவியைத் தனியாகக் கேட்டால் மூன்று வாரம் என்று வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அறியாமை என்றுதான் நினைத்தேன். அப்புறம் புரிந்தது, அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய கூலி போகும், இரண்டாவது நாளும் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். அலுவலகத்தில் இருப்பவர் போனில் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். மருந்தும் மருத்துவரும் இருவருக்கும் ஒன்றுதான். வந்து சேரும் நேரத்தில்தான் வித்தியாசம், இதயத் தசைக்கு அந்த நேரம்தான் எல்லாம்.

டிஸ்சார்ஜ் செய்யும்போது "ஓய்வு எடுங்கள், டென்ஷன் ஆகாதீர்கள், கனம் தூக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். மூட்டை தூக்குபவரிடம் கனம் தூக்காதே என்று சொல்லும்போது எனக்கு வாய் கூசும். மூன்றே மாதத்தில் அதே ஆள் திரும்பி வருவார்.

எண்கணக்கு எழுதியது:

நிழற்கோடு, உங்கள் இழப்பைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். புள்ளியியல் கற்பிப்பவன் என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. ஏழையாக இருப்பதால் நோய் வருகிறதா, நோய்வாய்ப்பட்டதால் ஏழையாகிறார்களா? சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் குழந்தை பள்ளியில் பின்தங்கும், நல்ல வேலையும் கிடைக்காது. நாற்பது வயதில் அவரைப் பார்ப்பவருக்கு "சம்பளம் குறைவு, அதனால் நோய்" என்றுதான் தோன்றும்.

இரண்டாவது, பணமே ஆயுளைக் கூட்டும் என்றால் திடீரென்று பணம் வந்தவர்கள் அதிக நாள் வாழ வேண்டும். ஸ்வீடனில் லாட்டரியில் பரிசு பெற்றவர்களின் பதிவுகளை வைத்து 2016இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பரிசுத் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பெரியவர்களின் இறப்பு விகிதத்தில் மாற்றம் தெரியவில்லை. பதற்றத்துக்கான மாத்திரை எடுப்பது மட்டும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தொடர்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2014 வரையிலான வரிப் பதிவுகளைப் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு ஆராய்ந்தபோது, வருமானத்தில் மேலே இருக்கும் ஒரு சதவீத ஆண்களுக்கும் கடைசி ஒரு சதவீத ஆண்களுக்கும் இடையே ஆயுள் எதிர்பார்ப்பில் 14.6 ஆண்டுகள் வித்தியாசம் இருந்தது. பெண்களுக்கு 10.1. இடைவெளி இருப்பது உறுதி. பணத்தைக் கொடுத்தால் அது மூடிக்கொள்ளும் என்பதுதான் உறுதியில்லை.

பழைய_ஏடு எழுதியது:

இந்தக் கேள்வி குறைந்தது 180 வருடப் பழசு. 1842இல் எட்வின் சாட்விக் என்ற சீர்திருத்தவாதி இங்கிலாந்துத் தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். லிவர்பூலில் மேல்தட்டுக் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 35. கடைக்காரர்கள், வணிகர்கள் குடும்பங்களில் 22. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 15.

பதினைந்து என்றதும் எல்லோரும் பதினைந்து வயதில் இறந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஐந்து வயதைத் தாண்டாமல் போனால் சராசரி அப்படித்தான் கீழே இறங்கும். அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய எண் வேறு. மான்செஸ்டர் நகரத்து மேல்தட்டினரின் சராசரி 38. ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் பண்ணைக் கூலிகளின் சராசரியும் அதே 38. அந்தக் கூலிகளிடம் மான்செஸ்டர்காரர்களின் சொத்தில் நூறில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. சாக்கடையும் நெரிசலும் இல்லாத இடத்தில் இருந்தார்கள், அது போதுமாக இருந்தது. ஆகவே எண்கணக்கு அவர்களே, பணம் தனியாக எதையும் செய்வதில்லை என்ற வரைக்கும் உங்களோடு ஒத்துப்போகிறேன். பணம் எதை வாங்கித் தருகிறது, எதிலிருந்து விலக்கி வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1848இல் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் நாட்டின் மேல் சைலீசியா பகுதியில், பேன்களால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது அந்நாட்டு அரசு 26 வயது மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவை விசாரிக்க அனுப்பியது. அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் கல்வி, சாலை, மக்களாட்சி, ஏழைகள்மேல் இருந்த வரிச்சுமையைக் குறைப்பது எல்லாம் இருந்தன. அனுப்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

இதயநோய்க்கு வருவோம். 1967இல் லண்டனில் ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய 18,000 ஆண்கள், எல்லோரும் அரசு ஊழியர்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம் எல்லோருக்கும் உண்டு. பட்டினி கிடந்தவர் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் கீழ்நிலையில் இருந்த ஏவலர்கள், வாயிற்காவலர்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் உயர் அதிகாரிகளைப் போலச் சுமார் மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசத்தில் பாதியைக்கூட அவற்றால் விளக்க முடியவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே அளவு புகைத்தார்கள் என்று நிழற்கோடு எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

கரைமேல் எழுதியது:

அப்படியானால் இது ஏழைகளின் பிரச்சினை மட்டும்தானே? வறுமைக்கோட்டுக்கு மேலே வந்துவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?

பழைய_ஏடு எழுதியது:

இல்லை, ஒயிட்ஹால் ஆய்வின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து இரண்டாவது படியில் இருந்தவர்கள் நல்ல சம்பளமும் நல்ல வீடும் உள்ளவர்கள். அவர்களும் முதல் படியில் இருந்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். மூன்றாவது படி இரண்டாவதைவிட மோசம். ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் ஆரோக்கியமானவர் என்று பிரிக்க முடியாது. ஏணி முழுக்கச் சரிவுதான். ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் மார்மட் வாழ்நாள் முழுக்கப் பேசியது இந்தச் சரிவைப் பற்றித்தான். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே அமைத்த ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். 2008இல் வந்த அதன் அறிக்கையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதி பற்றிய ஒரு ஒப்பீடு உண்டு. கால்டன் என்ற இடத்தில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54, சில மைல் தள்ளியிருக்கும் லென்சியில் 82.

மூன்றாம்_ஷிப்ட் எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஏழை இல்லை. சம்பளம் பரவாயில்லை. ஆனால் அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது எனக்கு ஞாயிறு இரவுதான் தெரியும். சில சமயம் பகல் டூட்டி முடித்து வீட்டுக்கு வந்து படுத்த பிறகு போன் வரும், இரவுக்கு ஆள் இல்லை, வா என்று. மறுத்தால் அடுத்த மாதம் முழுக்க இரவு டூட்டியே விழும். இயந்திரத்தின் வேகத்தை வேறொருவர் வைக்கிறார். கழிவறைக்குப் போகக்கூட ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். 41 வயதில் பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். என் மேலாளருக்கு என்னைவிட வேலை அதிகம், பொறுப்பு அதிகம், திட்டும் அதிகம். ஆனால் மகன் பள்ளி விழாவுக்குப் போக வேண்டும் என்றால் அவர் எழுந்து போய்விடுவார்.

நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் "ஸ்ட்ரெஸ்ஸைக் குறையுங்கள்" என்கிறார். அதைக் குறைக்கும் திருகு என் கையில் இல்லை.

மலர்_வார்டு எழுதியது:

நீங்கள் சொன்னதற்குப் பெயரே இருக்கிறது தம்பி. 1979இல் ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் இதை எழுதினார். வேலைப் பளு மட்டும் ஒருவரை உடைப்பதில்லை. பளு அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்ற முடிவு தன் கையில் இல்லாமலும் இருக்கும் வேலைதான் உடைக்கிறது. ஒயிட்ஹாலின் இரண்டாம் ஆய்வு 1985இல் தொடங்கியது, அதில் பெண்களையும் சேர்த்தார்கள். தன் வேலைமேல் தனக்கே அதிகாரம் குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்ததை அதிலும் பார்த்தார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றால், ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கும். ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை ஏறும். ஆபத்து போனதும் எல்லாம் இறங்க வேண்டும். போன் எப்போது வரும் என்று தெரியாத மனிதருக்கு ஆபத்து முடிவதே இல்லை. வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் ரத்தக் குழாய் தடிக்கிறது, வயிற்றுக் கொழுப்பு சேர்கிறது, நோய் எதிர்ப்பு தடுமாறுகிறது. நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்கீவன் இந்தத் தேய்மானத்தைத்தான் உடம்பு சுமக்கும் கூட்டுச்சுமை என்ற பொருளில் எழுதினார். நிழற்கோடு, உங்கள் சித்தப்பா ஐம்பதில் எழுபதாகத் தெரிந்தார் என்றீர்களே, அது வெறும் தோற்றமாக இருந்திருக்காது.

எண்கணக்கு எழுதியது:

மூன்றாம்_ஷிப்ட் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவை மறுபடியும் வாசித்தேன். லாட்டரி ஆய்வு தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி சிறியது. பரிசு விழுந்த ஸ்வீடன்காரருக்கு முன்பே மருத்துவமும் ஓய்வூதியமும் இருந்தன. பணம் வந்ததும் அவருடைய குழந்தைப் பருவம் மாறிவிடாது.

என் பக்கத்து வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றை நானே வைக்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. 1994 முதல் 1998 வரை ஐந்து அமெரிக்க நகரங்களில், மிக ஏழ்மையான குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஏழ்மை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. குலுக்கல் என்பதால் "நோயாளிகள்தான் ஏழையானார்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, அந்த வாய்ப்புப் பெற்ற பெண்களிடம் கடும் உடல் பருமனும் சர்க்கரை நோயும் குறைவாக இருந்தன. அவர்களின் வருமானம் பெரிதாக உயரவே இல்லை. தெருவும் அக்கம்பக்கமும் மட்டும்தான் மாறின.

ஒரு சந்தேகம் இன்னும் பாக்கி. சமூகப் பாதுகாப்பில் முன்னணியில் இருக்கும் வட ஐரோப்பிய நாடுகளிலும் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான இறப்பு இடைவெளி சிறியதாக இல்லை. நெதர்லாந்துப் பொதுச் சுகாதார ஆய்வாளர் யோஹன் மாக்கன்பாக் இதைப் பல வருடமாகச் சுட்டிக்காட்டுகிறார். நல்ல அரசு இருந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று எளிதாகச் சொல்ல முடியவில்லை. அதே மாதிரி ரஷ்யா. 1990க்கும் 1994க்கும் இடையே ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 64இலிருந்து 58க்குக் கீழே விழுந்தது. சமூகம் குலைந்ததால் என்கிறார்கள். பெரும் பங்கு மதுவுக்குத்தான். 1985இல் மதுக் கட்டுப்பாடு வந்தபோது ஆயுள் ஏறியதும், அது தளர்ந்தபின் இறங்கியதும் அதைத்தான் காட்டுகின்றன.

மலர்_வார்டு எழுதியது:

மதுதான் சார், மறுக்கவில்லை. கல்லீரல் வார்டில் இரண்டு வருடம் இருந்தவள் நான். ஆனால் அந்த நான்கு வருடத்தில் அத்தனை லட்சம் ஆண்களும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுப் போனார்களா என்ன? வேலை போனது, சேமிப்பு மதிப்பிழந்தது, நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மலிவான சாராயம் எதிரிலேயே இருந்தது. இறப்புச் சான்றிதழில் மதுவை எழுதலாம். அவன் ஏன் அந்தக் குவளையை எடுத்தான் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

ஓய்வு71 எழுதியது:

வயதானவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1995 ஜூலையில் சிகாகோவில் ஒரு வெப்ப அலை. சில நாட்களில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழ்மை உண்டு, தனியாக வாழும் முதியவர்கள் உண்டு. ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. குறைவாக இறந்த பகுதியில் தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, கிழவர்கள் வெளியே வந்து போனார்கள். மற்றதில் வீடுகள் காலியாகி, கடைகள் மூடி, பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்களில் பெண்களே அதிகம், ஆனால் ஆண்கள்தான் அதிகமாக ஆபத்துக்கு உள்ளானார்கள். பெண்கள் யாரோடாவது பேச்சுத் தொடர்பு வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் வேலையோடு முடிந்துவிடுகிறது.

2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மூன்று லட்சம் பேருக்கு மேல். நல்ல உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. என் மனைவி போன பிறகு முதல் ஆறு மாதம் நான் யாரிடமும் முழுதாகப் பத்து வார்த்தை பேசாத நாட்கள் நிறைய. எட்டுக் கிலோ இறங்கினேன். இப்போது மாலையில் நான்கு பேர் சேர்ந்து உட்காருகிறோம். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் போய்க் கதவைத் தட்டுவார்.

கரைமேல் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு அனுப்பினேன்.

ஒரு கேள்வி. பல நாடுகளில் "சராசரி ஆயுள் கூடிவிட்டது" என்று ஓய்வு பெறும் வயதை ஏற்றுகிறார்களே, இந்தச் சரிவை வைத்துப் பார்த்தால் அது நியாயமா?

பழைய_ஏடு எழுதியது:

சராசரி கூடியது யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். 65க்குப் பிறகு இருபது வருடம் ஓய்வூதியம் வாங்கப்போகிற அதிகாரிக்கும், 60ஐயே தாண்டுவாரா என்று தெரியாத சுமைதூக்குபவருக்கும் இரண்டு வருடம் ஏற்றினால் இருவரும் இழப்பது ஒன்றல்ல. அதோடு, கடைசி வருடங்களின் தரமும் வேறு. கீழ்ப்படிகளில் இருப்பவர்களுக்கு மூட்டுவலி, சர்க்கரை, மூச்சுத்திணறல் எல்லாம் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகின்றன. குறைவாக வாழ்கிறார்கள், வாழும் காலத்திலும் அதிகப் பங்கை நோயோடு கழிக்கிறார்கள். இந்த விவாதத்தில் என்னைக் கோபப்படுத்தும் ஒரே இடம் இது.

எண்கணக்கு கேட்ட "பணம் கொடுத்தால் மூடுமா" என்பதற்கும் ஒன்று. பிரேசிலில் ஏழைக் குடும்பங்களுக்கு, குழந்தைகளைப் பள்ளிக்கும் தடுப்பூசிக்கும் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு உதவித்தொகை கொடுத்தார்கள். 2004 முதல் 2009 வரையிலான தரவில், அந்தத் திட்டம் பரவலாகச் சென்ற நகராட்சிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்திருந்தது. ஊட்டக்குறைவாலும் வயிற்றுப்போக்காலும் இறப்பது இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஐம்பது வயதில் கொடுக்கும் பணமும் ஐந்து மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் பணமும் ஒரே வேலையைச் செய்யாது.

எண்கணக்கு எழுதியது:

ஏற்கிறேன். எந்த வயதில் என்பது என் கணக்கில் விட்டுப்போயிருந்தது.

நிழற்கோடு எழுதியது:

நான்கு நாளாக எல்லாவற்றையும் படித்துவிட்டு இன்று சித்தியைப் பார்க்கப் போனேன். மலர் அக்கா எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். சித்தப்பாவுக்கு முன்பே வலி இருந்ததா?

ஒரு மாதமாக இருந்ததாம். இடது தோளில். மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறார். அப்போது கிடங்கில் ஆள் குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் முதல் பெயர் தன்னுடையதாக இருக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட. அப்பாவிடம் சொன்னால் உடனே டாக்டரிடம் இழுத்துப் போவார் என்பதால்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தம்பி படிப்பை நிறுத்திய வருடம் பற்றி அவர் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

மலர்_வார்டு எழுதியது:

அப்பாவிடம் சொல்ல அவசரம் இல்லை. சித்திக்கு இப்போது என்ன வயது? தனியாகவா இருக்கிறார்? பிரஷர், சர்க்கரை ஏதாவது உண்டா? மாத்திரை எடுத்தால் அட்டையை வாங்கிப் பாருங்கள். என்றைக்கு வாங்கியது, எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் ஒழுங்காக எடுப்பதாகத்தான் சொல்வார்கள்.

நிழற்கோடு எழுதியது:

63 வயது. தனியாகத்தான் இருக்கிறார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை.

எண்ணிப் பார்த்தேன் அக்கா. ஒரு மாதத்துக்கு வாங்கியது இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியாக உடைத்து, உடைத்த துண்டுகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு மாதம் பாதி அளவில் எடுத்திருக்கிறார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டுமா?

மலர்_வார்டு எழுதியது:

முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.